ஆங்கில வாக்கியத்தில் 'ஐ' எங்கே?

ஓர் இயந்திரத்தின் மேல் இப்படி ஓர் ஆங்கில அறிவிப்பு ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: "ரிமூவ் தி கவர் வித் தி ரெட் ஹாண்டில்." ஏழே சொற்கள். எட்டாம் வகுப்பு மாணவருக்குத் தெரியாத சொல் இதில் ஒன்றும் இல்லை. ஆனால் என்ன செய்யச் சொல்கிறது? சிவப்புக் கைப்பிடியால் மூடியைக் கழற்று என்கிறதா? சிவப்புக் கைப்பிடி உள்ள மூடியைக் கழற்று என்கிறதா? இயந்திரத்தில் இரண்டு மூடிகள் இருந்து, ஒன்றின் பின்னால் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால், இது ஒரு மதிப்பெண்ணோடு போகிற விஷயமன்று.

'வித்' என்று தொடங்கும் பகுதி வினையோடு சேருகிறதா, பெயரோடு சேருகிறதா என்பதுதான் கேள்வி. ஆங்கிலம் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தமிழில் எழுதப் போனால் விட முடியாது. 'ஆல்' போடுவதா, 'உள்ள' போடுவதா என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். அமிலமா காரமா என்று லிட்மஸ் தாள் காட்டுவதுபோல, வாக்கியத்தின் எந்த இடத்தில் ஐயம் இருக்கிறது என்று தமிழ் காட்டிவிடுகிறது.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? வாக்கியத்தைப் பார்த்து எஸ், வி, ஓ, சி, ஏ என்று எழுத்துகளைப் போடச் சொல்கிறோம். முதலில் வருவது எஸ், அடுத்து வி, பிறகு ஓ என்று மாணவர்கள் இடத்தைப் பார்த்தே எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். 'யார்?', 'எதை?', 'எதனால்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்ற பழக்கமும் சில இடங்களில் உண்டு. கையில் இருக்கும் நல்ல அளவுகோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல் என்பது போன்றது இது. ஆங்கில இலக்கணத்தை நம் வேற்றுமை உருபுகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010-லும், டைம்லர் லாரி ஆலை 2012-லும் திறக்கப்பட்டன. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் ஏராளமானோர் இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். கொரியரோ ஜப்பானியரோ வடிவமைத்த இயந்திரத்தின் கையேடு அவர்கள் கைக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வந்து சேரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கொரிய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினை கடைசியில்தான் வரும். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். நம் 'ஐ' செய்யும் வேலையைக் கொரியத்தில் 'உல்' அல்லது 'ருல்' செய்கிறது. ஜப்பானியத்தில் 'ஓ' செய்கிறது. ஆக, 'கதவை மூடு' என்பதை ஒரே அமைப்பில் நினைக்கும் இருவர், நடுவில் உருபே இல்லாத ஓர் ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொள்கிறார்கள்! ஆங்கிலத்தில் 'ஐ' இல்லையே தவிர, அதன் வேலை இருக்கிறது. அது வினைக்குப் பின்னால் உள்ள இடத்தில் ஒளிந்திருக்கிறது. "நாய் மனிதனைக் கடித்தது" என்பதை "மனிதனை நாய் கடித்தது" என்று மாற்றினாலும் கடிபட்டவன் மனிதனே. ஆங்கிலத்தில் இரு சொற்களும் இடம் மாறினால் நாய்தான் கடிபடும்.

கிளை வாக்கியங்களுக்கும் இதே சோதனை பொருந்தும். "டு நாட் ஓபன் தி டோர் அன்டில் தி ஸ்பிண்டில் ஸ்டாப்ஸ்." ஆங்கிலத்தில் நிபந்தனை கடைசியில் வந்தது. தமிழில் "ஸ்பிண்டில் நிற்கும் வரை கதவைத் திறக்காதே" என்று அது முன்னால் வந்துவிடும். பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கையை நீட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு எது பாதுகாப்பு? விமானத் தொழிலில் இதை யோசித்திருக்கிறார்கள். பராமரிப்புக் கையேடுகளுக்காக ஓர் எளிய ஆங்கில விதித்தொகுப்பை 1986-ல் ஐரோப்பாவில் வெளியிட்டார்கள். இன்றும் அதைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறார்கள். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. மூன்றுக்கு மேற்பட்ட பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கக் கூடாது. வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய நிபந்தனையை முதலில் சொல்ல வேண்டும்.

"தமிழில் எழுதி வைத்தால் போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன்படி வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று 108-ஆம் பிரிவில் கூறியது. ஆனால் அந்தச் சிவப்புக் கைப்பிடியைத் தமிழாக்குபவர் 'ஆல்' போடுவாரா, 'உள்ள' போடுவாரா? மொழிபெயர்ப்பவருக்கும் இந்தப் பாடம் தேவை.

இந்தப் பாடம் நமக்குப் புதிதும் அன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் எட்டு வேற்றுமைகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. ஒரு தொழில் நடப்பதற்கு என்னென்ன வேண்டும் என்றும் பட்டியல் தருகிறது: வினை, செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயன் கருதி. இவையும் எட்டு. அமெரிக்க மொழியியலறிஞர் சார்லஸ் ஃபில்மோர் 1968-ல், வேற்றுமை என்பது உருபில் மட்டும் இல்லை, வினையோடு பெயர் கொள்ளும் உறவில் இருக்கிறது என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினார். மொழியியலில் பெரிதும் பேசப்பட்ட கட்டுரை அது. நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்யும் பட்டியலும் அந்த உறவைப் பற்றியதுதான். அடுத்த மணி அடித்து ஆங்கில ஆசிரியர் வந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். அல்லது மறக்கச் சொல்லப்படுகிறார்கள்.

தமிழ் எப்போதும் தெளிவானது என்று பெருமை பேச வரவில்லை. 'புலி கொன்ற யானை' என்றால் இறந்தது எது? புலியா, யானையா? 'ஐ' மறைந்துவிட்டால் நமக்கும் இதே கதிதான். இத்தகைய தொடர்களை நம் பழைய உரைகாரர்களே எடுத்துப் பேசியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்த இடத்தில் ஆங்கிலம் நம்மைவிடத் தெளிவு. ஆகவே சோதனையை இரு பக்கமும் நடத்தலாம்.

வீட்டில் மிக்சியோ தையல் இயந்திரமோ இருந்தால் அதன் ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினைக்கும் அந்த எட்டுக் கேள்விகளைக் கேளுங்கள். எதற்கு இரண்டு விடை வருகிறது என்று பாருங்கள். கையேடு இல்லாதவர்கள் இந்த வாக்கியத்தில் தொடங்கலாம்: "க்ளீன் தி பிளேட் ஆன் தி டேபிள்." இதற்கு எத்தனை தமிழ் வாக்கியங்கள் எழுத முடிகிறது?