மரமும் தேனும்

காடு தரும் பொருள்களுள் சில, மரத்தை வெட்டினால் கிடைப்பவை. சில, மரத்தை விட்டுவைத்தால் கிடைப்பவை. கட்டட மரம் முன்னதைச் சாரும். தேன் பின்னதைச் சாரும். இரண்டையும் ஒரே காட்டிற் பெற விரும்புவோர் காலத்தைக் கணக்கிட்டு நடத்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்பால் உள்ள தாஸ்மேனியாத் தீவு இதற்குத் தக்க சான்றாகும்.

அத்தீவின் மேற்குப் பகுதியில் மழை மிகுதி. அங்குள்ள ஈரக் காடுகளில் லெதர்வுட் என்னும் மரம் வளர்கிறது. அத்தீவையன்றி வேறெங்கும் அது இயற்கையாய் வளர்வதில்லை. ஜனவரி முதல் மார்ச்சு வரை, நான்கு இதழ்களையுடைய வெண்மலர்கள் அம்மரத்தில் பூத்துக் குலுங்கும். 1831-ஆம் ஆண்டில் ஐரோப்பியத் தேனீக்கள் அத்தீவிற்குக் கொண்டுவரப்பட்டன. இன்று அங்கு எடுக்கப்படும் தேனில் பாதிக்கு மேற்பட்டது இம்மலர்கள் அளிப்பதே.

இதன் பயன் தேன் விற்போரோடு நின்றுவிடுவதன்று. அதே தேனீக்கள் இளவேனிலில் ஆப்பிள், செர்ரித் தோட்டங்களில் மகரந்தத்தைப் பரப்பிக் காய் பிடிக்கச் செய்கின்றன. காட்டுத் தேன் குன்றினால் தேனீ வளர்ப்போர் தொழிலைக் கைவிடுவர். அவர் கைவிடின் உழவரும் வருந்த நேரும்.

மரம் வெட்டுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வீடு கட்டவும் தட்டுமுட்டுப் பொருள்கள் செய்யவும் மரம் வேண்டும். அத்தொழிலை நம்பிச் சிற்றூர்கள் பல வாழ்கின்றன. அன்றியும், மரம் ஏற்ற அமைத்த பாதைகளின் வழியே தேன்பெட்டிகளும் காட்டினுட் செல்கின்றன. “வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளரும், பின் கவலை ஏன்?” என்று அவர் வினவுவர்.

காடு வளரும் என்பது மெய்யே. ஆனால், எந்தக் காடு வளரும் என்பதே கேள்வி. உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களை அடியோடு வெட்டி, எஞ்சிய சருகையும் கிளைகளையும் எரித்து, மீண்டும் விதை தூவுவது அங்கு நெடுங்காலமாய் நிலவும் முறை. அவற்றின் நிழலில் நின்ற லெதர்வுட் மரங்களும் அப்பொழுதே அழிகின்றன. புதிதாய் முளைக்கும் லெதர்வுட், தேன் மிகுதியாகச் சுரக்க ஏறக்குறைய 75 ஆண்டுகள் ஆகும். யூகலிப்டஸையோ 80 முதல் 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் வெட்டத் திட்டமிடுகின்றனர். லெதர்வுட் பயன்தரத் தொடங்கிய சின்னாளில் கோடரியும் வந்துவிடும். மரவாணிகர்க்கு ஒரு சுற்று முடிவது, தேனீக்கு ஒரு தலைமுறைக் காடு இழப்பாகும்.

ஆதலின், இருவர்க்கும் சமபங்கு என்று நிலத்தை அளந்து பிரிப்பது மட்டும் நடுநிலை ஆகாது. எளிதில் மீளாததை முதலிற் காப்பதே நடுநிலை. முதிர்ந்த லெதர்வுட் செறிந்த பகுதிகளைத் தொடாது விடுதல் வேண்டும். பிற இடங்களில் அடியோடு வெட்டாமல், பழைய மரத்தொகுதிகளை இடையிடையே நிறுத்தி, அவற்றைத் தீயினின்றும் காத்தல் வேண்டும். எப்பகுதியை வெட்டுவது என்று முடிவு செய்யுமுன் தேனீ வளர்ப்போரையும் கலந்தெண்ணல் வேண்டும். மரவேலைக்குப் பின்னும் பாதைகளைப் பேணல் வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, மேற்கு ஆஸ்திரேலியா என்னும் இரு மாநிலங்கள், இயற்கைக் காடுகளில் வணிகத்திற்காக மரம் வெட்டுவதை 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்தின. தாஸ்மேனியா அவ்வழியிற் செல்லவில்லை. வெட்டுதலைத் தொடரும் நாட்டிற்கே பொறுப்பு மிகுதி. ஒரு நாளில் வீழ்த்தும் மரத்தை ஒரு வாழ்நாளிலும் ஈடுசெய்ய இயலாதெனின், கோடரியை ஓங்குமுன் எண்ணிப் பார்ப்பதன்றோ அறிவுடைமை?