137-ம் நம்பர் மேஜை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையனோடு உட்கார்ந்து ஒரு ஊமைப்படம் பார்த்தேன். 1928-ல் கிங் விடோர் எடுத்த 'தி க்ரவுட்'. ஊமைப்படமா என்று ஓடிவிடாதீர்கள். மேஜையைக் கட்டிக்கொண்டு அழும் நம் எல்லோர் கதையும் அதில் இருக்கிறது.

நீ பெரிய ஆளாக வருவாய் என்று சொல்லிச் சொல்லியே ஜானை வளர்க்கிறார் அவன் அப்பா. பையனுக்கு 12 வயதாகும்போது அவர் போய்விடுகிறார். 21 வயதில் நியூயார்க் வருகிறான் ஜான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கண்ணுக்கெட்டிய தூரம் மேஜைகள். அவனுடையது 137.

பஸ் மாடியில் மேரியோடு போகும்போது, விளம்பரப் பலகை மாட்டிய தெருக்கோமாளி ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிறான். இவன் அப்பாவும் இவன் ஜனாதிபதியாவான் என்றுதான் நினைத்திருப்பார் என்று கிண்டல் வேறு. பிறகு கல்யாணம், இரண்டு குழந்தைகள். விளம்பர வாசகப் போட்டியில் 500 டாலர் பரிசு விழுகிறது. வாங்கி வந்த பொம்மைகளை ஜன்னலிலிருந்து காட்டிக் குழந்தைகளைக் கூப்பிடுகிறார்கள். ஓடிவரும் மகள் லாரியில் அடிபட்டு இறக்கிறாள். மனம் ஒடிந்து வேலையை விடுகிறான். கடைசியில் அவனுக்குச் சோறு போடுவது அதே கோமாளி வேஷம்தான்.

பெருநகரமும் மெஷின் மாதிரி ஆபீசும் மனிதனை நசுக்கும் படம் என்பார்கள். என்னைக் கேட்டால் அது பாதிதான். மற்ற 136 பேரும் சாதாரணம், தான் மட்டும் வேறு என்ற நினைப்பும் அவனை நசுக்குகிறது. அதை விதைத்தவர் பாசமுள்ள ஒரு அப்பா.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நாக்பூர் எனக்கு மூன்றாவது ஊர். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபரிலும் பையனிடம், "நீ பெரிய ஆளா வரணும்னுதான்டா அப்பா ஊரை விட்டு வந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவல்ல. ப்ரமோஷன் எனக்கு வேண்டியிருந்தது. என் கணக்கை அவன் தலையில் பற்று எழுதியிருக்கிறேன்.

ஜான் பணக்காரனாகிவிடும் முடிவு ஒன்றையும் கம்பெனிக்காக எடுத்தார்களாம். விடோரின் முடிவில் குடும்பம் தியேட்டரில் கூட்டத்தோடு கூட்டமாய்ச் சிரிக்கிறது. கூட்டத்தில் ஒருவனாக இருப்பது தோல்வியில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

அன்று ராத்திரி பையனிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டான்.

ஊரை விட்டு வந்ததற்கு உங்கள் பிள்ளைகளிடம் என்ன காரணம் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?