காய்கறி விதைகளின் முளைப்புச் சோதனை

உழவு மாடு வாங்கச் செல்லும் குடியானவர் அதன் பல்லைப் பிடித்துப் பாராமல் விலை பேசுவதில்லை. அவரே காய்கறி விதை வாங்குங்கால் அதன் வயதைக் கேட்பதில்லை. ஆடிப்பட்டத்தில் பாத்தி கட்டி விதை தூவிப் பத்து நாள் நீர் தெளித்தும் நாற்று எழும்பாதபோது, வெயிலையும் எறும்பையும் விதை விற்றவரையும் நொந்துகொள்ளுகிறார். மறு விதைக்குப் பணம் கிடைக்கலாம். கழிந்த மூன்று வாரங்கள் கிடைப்பதில்லை.

இந்நஷ்டத்தைத் தவிர்க்க யந்திரம் வேண்டுவதில்லை. ஆனி மாதத் துவக்கத்திலேயே, நன்றாய்க் கலந்த விதையிலிருந்து நூறு விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த துணியில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பிச் சுருட்டி, நிழலில் ஈரங்காயாது வைத்தால் போதும். கொழுத்த விதைகளாகப் பார்த்துப் பொறுக்குவது சோதனையன்று, தன்னைத்தானே ஏய்த்துக்கொள்ளுவதாகும். கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை 14 நாட்களிலும், வெண்டையை 21 நாட்களிலும் எண்ணி முடிக்கலாம். சான்று விதைக்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்த அளவு, நூற்றுக்குக் கத்தரி, தக்காளி 70, வெண்டை 65, மிளகாய், பாகல் 60 ஆகும்.

சோதனைக்குப் பதிலாக விதையை அடர்த்தியாய்த் தூவிவிடலாமென்போர் அநேகர். இது சிக்கனமுமன்று, விவேகமுமன்று. விதை நல்லதாயிருந்துவிட்டால் நாற்றுக்கள் நெருங்கிக் காற்றோட்டமின்றி நாற்றழுகலுக்கு இரையாகின்றன. பழையதாயிருந்தால், தப்பி முளைப்பவையும் நலிந்தே நிற்கின்றன. வெங்காய விதை ஓராண்டிலேயே பெரிதும் சக்தி இழப்பதால் சென்ற வருஷத்து மிச்சத்தை நம்புதல் கூடாது. பூசணி முதலியவற்றின் விதைகள் நன்றாய் உலர்ந்திருந்தால் சில ஆண்டுகள் தாங்கும்.

எல்லா விதைகளையும் ஊறவைக்கும் வழக்கமும் திருந்தவேண்டியதே. தடித்த ஓடுள்ள பாகல், புடல் விதைகளுக்கு ஓர் இரவு ஊறல் நன்மை தரும். அவரை, காராமணி விதைகளோ நெடுநேரம் நீரில் கிடந்தால் பருப்பு வெடித்துக் கெடும். கொத்துமல்லியை ஊறவைக்குமுன் இரண்டாய் உடைத்துக்கொள்ள வேண்டும். ஊறிய விதையைக் காய்ந்த மண்ணில் இடுவது, முளையைத் தருவித்துக் கொல்லுவதற்கு ஒப்பாகும். ஈரமான பாத்தியே அதற்கு உரிய இடம். சாயம் ஏறிய விதை மருந்திட்டது. அதை ஊறவைத்தலும், மிச்சத்தைக் கோழிக்கு இறைத்தலும் ஆகா. மருந்திடாத விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் நாற்றழுகல் குறையும்.

1966-ம் வருஷத்து விதைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்பட்ட ரகங்களின் பையில் முளைப்புச் சதவீதமும் சோதனைத் தேதியும் காணப்பட வேண்டும். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்குப் படித்துக் காட்டுவதோடு, ஊர்ப் பொதுவிடத்தில் ஒருமுறை துணிச் சோதனையைச் செய்தும் காட்டுதல் நலம். பையையும் ரசீதையும், சிறிது விதையையும் அறுவடை வரையில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவருடைய முறையீட்டுக்கே ஆதாரமுண்டு. வெறுங்கையுடன் விதை ஆய்வாளரிடம் செல்லுபவருக்கு அவரால் செய்யக்கூடியது சொற்பமே.