ஃப்ரிட்ஜ் சோதனை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தேங்காய் எண்ணெயை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்து, கட்டியாக உறைந்தால் சுத்தமானது என்று தங்கள் இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். தயவுசெய்து யாரும் அதை நம்பிவிட வேண்டாம். பாம் கெர்னல் எண்ணெயும் குளிரில் அப்படித்தான் உறையும். கலப்படக்காரர்களுக்கு அது தோதாக இருப்பதே அதனால்தான்.

ஆய்வகத்தில் முதலில் அயோடின் மதிப்பு, அதாவது எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்று பார்ப்பார்கள். எடைபோட்ட எண்ணெயைக் கரைத்து, அயோடின் உள்ள விஜ்ஸ் கரைசலைச் சேர்த்து, மூடிய குடுவையை இருட்டில் வைப்பார்கள். பிறகு மிஞ்சிய அயோடினைத் தயோசல்பேட் கொண்டு சொட்டுச் சொட்டாகத் தரம்பார்ப்பார்கள். ஸ்டார்ச் விட்டதும் ஏறும் கருநீலம் கடைசிச் சொட்டில் சட்டென்று மறையும். தேங்காய் எண்ணெய்க்கு இந்த மதிப்பு 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும். பாம் கெர்னலுக்கு அதைவிடக் கூடுதல். கொஞ்சமாகக் கலந்தால் இதிலும் தப்பிவிடலாம் என்பதால், கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியே காட்டும் கேஸ் குரோமட்டோகிராபியும் தேவைப்படுகிறது.

இதெல்லாம் அதிகாரிகளுக்கு மட்டுமான வசதி அல்ல. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-இன் 40-வது பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நுகர்வோரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். பொருள் சட்டப்படி இல்லையென்று அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். செக்கு எண்ணெய் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அடுத்த இதழில் இந்த விவரத்தைக் கட்டம் கட்டி வெளியிடுங்கள்.

— ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், காங்கேயம்