கீரைக்காரம்மாவிடம் புலி... ஷோரூமில் எலி!

கீரைக்கட்டு இருபது ரூபாய் என்றால், "பதினஞ்சுக்குக் குடும்மா" என்று பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்பார் நம்மாள். அதே மனிதர் கார் ஷோரூமின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகட்டும். ஜில்லென்று ஏ.ஸி., டை கட்டின இளைஞர் நீட்டும் காபி, புது வண்டி வாசனை... அவ்வளவுதான், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"ஆன்-ரோடு பத்து லட்சத்து எழுபதாயிரம் வருது ஸார்."

"அப்படியா... சரி."

கடைசியில் துணிச்சலையெல்லாம் திரட்டி ஒன்றே ஒன்று கேட்பார். "ஃப்ளோர் மேட் ஃப்ரீயாத் தருவீங்கல்ல?"

தருவார்கள். சந்தோஷமாகத் தருவார்கள். அந்த மேட்டுக்கு அடியில் உங்கள் முப்பதாயிரம் படுத்துக்கொண்டிருக்கும்!

நம்மை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது பரம்பரை வியாதி. அப்பா காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும் க்யூதான். வண்டி கிடைப்பதே வரம் என்றிருந்தவர்கள் பேரமா பேசுவார்கள்? இன்று நிலைமை தலைகீழ். விற்காத வண்டிகள் யார்டில் வெயில் காய்கின்றன. அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவது டீலர். காத்திருப்பது அவர், நாம் இல்லை.

ஆனால், "மொத்தத்துல எவ்ளோ குறைப்பீங்க?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "பார்த்துப் பண்ணித் தரேன் ஸார்" என்று அவரும் மொட்டையாகத்தான் பதில் சொல்வார். முதலில் கொட்டேஷனை ஐட்டம் ஐட்டமாக எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு, எக்ஸ்-ஷோரூம் விலை 9,00,000. ஆயுள் வரி 1,17,000. இன்ஷூரன்ஸ் 45,000. 'இதர' 8,000. ஆக 10,70,000. இதில் சில ஐட்டம் கல், சில ஐட்டம் களிமண். கல்லில் முட்டினால் நம் மண்டைதான் வீங்கும். பிசைய வேண்டியது களிமண்ணை.

கல் எது? சர்க்கார் வாங்குவது. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. உட்கார்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு (பெட்ரோலில் நாலு மீட்டர் நீளம், 1200 ஸி.ஸி.க்கு மிகாதவை) அது 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40. அடுத்து ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தினார்கள். 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் இன்னும் அதிகம். போதாக்குறைக்கு 10 லட்சத்துக்கு மேல் டி.ஸி.எஸ். என்று 1 சதவீதம் வேறு. இது மட்டும் போன பணம் இல்லை. வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே மேலே கண்ணாடி திறக்கிற மாடலுக்கு ஆசைப்பட்டு அந்தப் பத்து லட்சக் கோட்டைத் தாண்டுமுன் ஒரு தடவை கால்குலேட்டரைத் தட்டிவிடுங்கள். வானத்தை மொட்டை மாடியிலிருந்தும் பார்க்கலாம்.

களிமண் நம்பர் ஒன்று, இன்ஷூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருஷத் தேர்டு பார்ட்டி பாலிசி 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, அசையாது. நம் வண்டிக்கு அடிபட்டால் கிடைக்கிற 'ஓன் டேமேஜ்' பகுதி அப்படியல்ல. அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீலரிடம்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"வெளில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது ஸார்" என்று பூச்சாண்டி காட்டுவார்கள். கேஷ்லெஸ் என்பது அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. விசாரித்துக்கொண்டு, அதே மதிப்புக்கு, அதே கவருக்கு வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி மேஜைமேல் வையுங்கள். பூச்சாண்டி தானே இறங்கி வருவார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு புதையல் உண்டு. தொடர்ந்து க்ளெய்ம் பண்ணாதவர்களுக்குச் சேருகிற நோ க்ளெய்ம் போனஸ், வண்டிக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். பழசை விற்றாலும் புதுசுக்குக் கொண்டுவரலாம். ஐந்து வருஷம் சுத்தமாக இருந்தால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஷோரூமில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கேட்க வேண்டும்.

களிமண் நம்பர் இரண்டு, அந்த 'இதர'. ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்ளான் கோட்டிங், 'எசென்ஷியல் கிட்'... "இது எதுக்குங்க?" என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் கேளுங்கள். பாதி ஐட்டம் வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிப்போகும்.

இனி டிஸ்கவுன்ட். இது ஒரே ஆள் இல்லை, கூட்டுக் குடும்பம். ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் போனஸ் என்று தனித்தனி வாசல். எனவே இரண்டு கேள்வி கேளுங்கள். "இந்த மாசம் கம்பெனி ஸ்கீம் என்ன?" "அதுக்கு மேல டீலர் பக்கத்திலேர்ந்து என்ன?" முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி இரண்டாவதை முழுங்கிவிடுவது ஷோரூம் சம்பிரதாயம். ஆபீஸ் ஐ.டி. கார்டை மறக்காதீர்கள். அரசு ஊழியருக்கும் பல பெரிய கம்பெனிக்காரர்களுக்கும் கார்ப்பரேட் போனஸ் உண்டு. தினமும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற கார்டு, ஒரு நாளாவது நமக்காக உழைக்கட்டுமே!

எக்ஸ்சேஞ்சில் மட்டும் ஜாக்கிரதை. "போனஸ் 20 ஆயிரம் ஸார்" என்று வலது கையால் கொடுத்துவிட்டு, உங்கள் பழைய காரின் விலையில் 30 ஆயிரத்தை இடது கையால் எடுத்துக்கொள்வார்கள். வெளியே என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

எப்போது போவது? டார்கெட் இடிக்கிற மாசக் கடைசி நல்லது. ஆடி இன்னும் நல்லது. ஊரே ஒதுங்கியிருக்கும்போது உங்களுக்கு ராஜ மரியாதை. ஆயுத பூஜைக்கு டெலிவரி கேட்டுவிட்டுத் தள்ளுபடியும் கேட்டால் சிரிப்பார்கள். டிசம்பரில் அள்ளிக் கொடுப்பார்கள், காரணம் உண்டு. வண்டி தயாரான மாசமும் வருஷமும் ஆர்.ஸி.யில் ஏறும். ஜனவரி பிறந்தால் அது போன வருஷத்து வண்டி. பத்து வருஷம் ஓட்டப்போகிறவர் தாராளமாக வாங்கலாம். நாலு வருஷத்தில் விற்பவர், அன்றைக்கு விழப்போகும் அடியை இன்றைய தள்ளுபடி ஈடுகட்டுமா என்று பார்க்க வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை: பேரம் முடிகிறவரை குழந்தைகளை ஷோரூமுக்குக் கூட்டிப்போகாதீர்கள். பொடிசு டிரைவர் ஸீட்டில் ஏறி, "அப்பா, இதுதாம்ப்பா நம்ம கார்!" என்று ஒரு ஹார்ன் அடித்தால், சேல்ஸ்மேன் காபிக்குப் பதில் புக்கிங் ஃபாரத்தை நீட்டிவிடுவார்.

அந்த சேல்ஸ்மேனிடம் கோபப்பட வேண்டாம். அவரும் நம்மைப் போல் மாசச் சம்பளக்காரர். தலைக்குமேல் டார்கெட். "மானேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் ஸார்" என்று கண்ணாடி ரூமுக்குள் போகிறாரே, அங்கே நமக்காக வாதாட வேண்டியவர் அவர்தான். வக்கீலைத் திட்டிவிட்டுக் கேஸ் ஜெயிக்க முடியுமா? அதே கார், அதே ஊர், வேறு டீலரின் கொட்டேஷன் ஒன்றைக் கையில் கொடுத்து, நிதானமாக இப்படிச் சொல்லுங்கள். "தம்பி, இந்தத் தொகைக்கு முடிச்சுக் குடுத்தா இன்னைக்கே புக் பண்றேன்." அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். மௌனம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். காபி குடியுங்கள். சொன்ன தொகைக்கு ஒப்புக்கொண்டால் நீங்களும் சொன்னபடி புக் பண்ணிவிட வேண்டும். "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று நழுவினால் அப்புறம் அங்கே உங்கள் வார்த்தைக்கு மதிப்பிருக்காது.

அட்வான்ஸ் கட்டுகிற நிமிஷம்வரை நீங்கள் மாப்பிள்ளை வீடு. கட்டிய பிறகு பெண் வீடு. அதனால் பேசியதெல்லாம் புக்கிங் ஃபாரத்தில் ஏற வேண்டும், மானேஜர் கையெழுத்தோடு. பின்பக்கப் பொடி எழுத்தில் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்' என்றிருக்கும். வண்டி வருவதற்குள் இந்த மாச ஸ்கீம் முடிந்துபோனால் அந்தத் தள்ளுபடி யார் தலையில்? இதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். "டெலிவரி அன்னிக்குப் பார்த்துக்கலாம் ஸார்" என்றால், டெலிவரி அன்று மாலையும் கேக்கும்தான் பார்க்கலாம்.

முப்பதாயிரம் குறைந்தால் பெரிசா என்கிறீர்களா? 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடனுக்கு அது மாசம் 620 ரூபாய்க்கு மேல். அறுபது மாசம்! ஒரு மணி நேரம் கூச்சத்தைக் கழற்றி வைத்ததற்குக் கூலி. டெலிவரி அன்று சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் மட்டும் நம் சொந்தச் செலவாக இருக்கட்டும்!