சுவரில் படம் போதாது, முற்றத்தில் கச்சேரி வேண்டும்

இசையைக் கருப்பொருளாக வைத்து நடத்தும் ஹோட்டல்கள் இன்று பல பெருநகரங்களில் இருக்கின்றன. லிவர்பூலில் பீட்டில்ஸ் குழுவுக்கென்றே ஒன்று உண்டு. பெர்லினில் ஸ்ப்ரே நதிக்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் அறைக்கே கிட்டார் வரவழைத்து வாசிக்கலாம். மயிலாப்பூரில் பல வருஷமாக வீணை சொல்லிக்கொடுப்பவள் நான். இப்படிப்பட்ட இடங்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் என் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: அங்கே இசைக் கலைஞருக்கு என்ன இடம்?

மகள் ஒரு மாநாட்டுக்காக புடாபெஸ்ட் போனபோது என்னையும் உடன் அழைத்துப் போனாள். தங்கியது ஆரியா ஹோட்டலில். புனித ஸ்டீபன் பேராலயத்துக்குப் பக்கத்தில் 2015இல் திறந்த விடுதி அது. அறைகள் மொத்தம் 49தான். கட்டடத்தை செவ்வியல் இசை, ஓபரா, ஜாஸ், சமகால இசை என்று நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையையும் ஓர் இசைக் கலைஞரின் பெயரில் அமைத்திருக்கிறார்கள். நடுவே கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். அதன் தரையில் பியானோவின் கறுப்பு வெள்ளைக் கட்டைகள்போலப் பதித்த கல். இதெல்லாம் அழகுதான். ஆனால், நல்ல வடிவமைப்பாளரும் பணமும் இருந்தால் இந்த அழகை எந்த ஊரிலும் கொண்டுவந்துவிடலாம்.

என்னை நிறுத்திவைத்தது அந்த முற்றத்தில் இருந்த பியானோ. கெர்கெய் பொகானி என்ற ஹங்கேரியப் பியானோக் கலைஞர் வடிவமைத்து, 2015 ஜனவரியில் உலகுக்குக் காட்டிய கருவி அது. வழக்கமான பியானோவுக்கு மூன்று கால். இதற்கு வளைந்த இரண்டே கால். உள்ளே இருக்கும் ஒலிப்பலகையை மரத்தில் செய்யாமல் கார்பன் கலவையில் செய்திருக்கிறார்கள். குளிருக்கும் ஈரத்துக்கும் மரம் சுருங்கி விரியும், சுருதி கலையும். கார்பனுக்கு அந்தத் தொல்லை குறைவு. வீணைக்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வீணையில் 24 மெட்டும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்துவிடும். மெட்டுகளை மறுபடி சரியாகப் பதித்து மேளம் கட்டுகிற ஆளைத் தேடி ஓட வேண்டும். சொந்த ஊர்க் கலைஞன் யோசித்துச் செய்த கருவியை, வந்தவர்கள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தார்களே, அதைத்தான் நான் மரியாதை என்பேன்.

சாயங்காலம் அந்த முற்றத்தில் தங்கியிருப்பவர்களுக்கு ஒயினும் பாலாடைக்கட்டியும் தருகிறார்கள். கூடவே ஒருவர் பியானோ வாசிக்கிறார். பேசிக்கொண்டே கேட்பவர்களும் உண்டு, பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பவர்களும் உண்டு. ஒரு உருப்படி முடிந்ததும் பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். வாசித்தவர் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார்.

என் மாணவி ஒருத்தி நம் ஊர் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் சில காலம் வாசித்தாள். லிஃப்டுக்கும் பஃபே வரிசைக்கும் இடையே ஒரு சின்ன மேடை. கரண்டிச் சத்தத்துக்கு நடுவே காம்போதி ஆலாபனை. ‘கூட்டம் அதிகமா இருக்கு, கொஞ்சம் சத்தம் கம்மியா வாசிம்மா’ என்று மேலாளர் வந்து சொல்லிவிட்டுப் போவாராம். வீணையை இன்னும் எவ்வளவு சன்னமாக வாசிப்பது? அந்த வரவேற்பறைச் சுவரில் சங்கீத மும்மூர்த்திகளின் பெரிய தஞ்சாவூர்ப் படம் மாட்டியிருக்கிறது. படத்துக்கு மாலை, வாசிக்கிறவளுக்கு இந்த வார்த்தை. இதைத்தான் நான் தவறு என்கிறேன்.

நல்ல இசை விடுதிக்கு இன்னொரு கடமையும் உண்டு. வந்தவரைத் தன் சுவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் ஊரின் இசைக்குள் அனுப்பிவைக்க வேண்டும். ஆரியாவிலிருந்து 1884இல் திறந்த ஓபரா மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் ஃபிரான்ஸ் லிஸ்ட் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு; இப்போது அருங்காட்சியகம். அவர் எழுதிய மேஜை அங்கே இருக்கிறது. இழுப்பறையை இழுத்தால் மூன்று ஸ்தாயிக்கு ஒரு சின்ன விசைப்பலகை வெளியே வருகிறது. தோன்றியதை வாசித்துப் பார்த்து, அங்கேயே எழுதிக்கொள்ள வசதி. சனிக்கிழமை காலை அந்தக் கட்டடத்தின் சிறிய அரங்கில் கச்சேரி நடக்கிறது. லிஸ்டைத் தலைவராகக் கொண்டு 1875இல் தொடங்கிய இசைக் கல்விக்கழகம் இன்றும் கலைஞர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. ஹோட்டலின் அலங்காரத்துக்கு அர்த்தம் கொடுப்பது இந்த ஊர்தான்.

அப்படியொரு ஊர் நம்முடையதும். 1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டிய இசை மாநாட்டிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. அதிலிருந்து வளர்ந்தது மார்கழி சீசன். 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. ஒவ்வொரு மார்கழிக்கும் வெளிநாட்டிலிருந்தும் வெளியூரிலிருந்தும் ரசிகர்கள் வந்து இறங்குகிறார்கள். காலை ஒரு சபா, மத்தியானம் ஒரு சபா என்று அலைந்துவிட்டு ராத்திரி அவர்கள் திரும்பிப் போகும் அறைக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டிலேயே வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தார். ஒலிபெருக்கி இல்லாத அந்தச் சின்ன இடத்தில் பெரிய வித்வான்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். வீணையின் நாதம் முழுசாகக் காதில் விழ அத்தனை சின்ன இடம்தான் வேண்டும். அந்த மாதிரி வீட்டுக் கச்சேரி இன்று யாருக்குக் கிடைக்கிறது? மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் முற்றம் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடி ஆகின்றன. மிஞ்சியவற்றில் ஒன்றிரண்டையாவது விடுதியாக்கினால் வீடும் பிழைக்கும், கச்சேரிக்கும் இடம் கிடைக்கும். அறைக்கு ஒரு தம்புரா இருக்கட்டும். லிஃப்டிலும் தாழ்வாரத்திலும் ஒலிபெருக்கி வேண்டாம். நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வரும் காதுக்கு மௌனம் தேவை. வாரத்தில் சில நாளாவது மைக் இல்லாமல் முற்றத்தில் இளம் கலைஞர்களின் கச்சேரி நடக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் சாப்பாடு பரிமாறக் கூடாது. சீசன் முடிந்ததும் நிறுத்திவிடாமல் வருஷம் முழுக்க நடத்த வேண்டும்.

பழைய வீடுகளை இதற்காகப் புதுப்பிப்பவர்களுக்கு அரசு வரிச்சலுகை தரலாம். யுனெஸ்கோ தந்த பெயரை மேடைப் பேச்சில் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது உருப்படியான காரியம். ஹோட்டல் நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: அறைக்கு எம்.எஸ். பெயரையும் ஜி.என்.பி. பெயரையும் வைக்கும் முன்னால், உங்கள் முற்றத்தில் வாசிக்கப்போகும் பெண்ணுக்கு வருஷ ஒப்பந்தமும் கௌரவமான சன்மானமும் எழுதிக்கொடுங்கள்.