மூடிய விளையாட்டுக்கு மறுவாழ்வு

புத்தகக் கடை மூடப்பட்டாலும் நாம் வாங்கிய புத்தகம் நம்மிடமே இருக்கும். இணைய விளையாட்டு அப்படியன்று. நிறுவனம் தன் வழங்கிக் கணினியை நிறுத்தியதும் நம்மிடமுள்ள குறுவட்டு பயனற்றுப்போகும்.

2004இல் வெளிவந்த ‘சிட்டி ஆஃப் ஹீரோஸ்’ 2012இல் இவ்வாறே மூடப்பட்டது. விளையாட்டாளர்கள் பல ஆண்டுகள் வளர்த்த கதாபாத்திரங்களும் மறைந்தன. பின்னர், ரசிகர்கள் சிலர் சொந்த வழங்கியை அமைத்து அவ்விளையாட்டை மீண்டும் இயக்கினர். செலவை நன்கொடையால் ஈடுகட்டினர். முதலில் அவர்களிடம் உரிமம் இல்லை. 2024இல்தான் உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனம் ‘ஹோம்கமிங்’ குழுவுக்கு அதனை வழங்கியது.

படைப்பாளரின் உரிமையை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆயினும், நிறுவனமே கைவிட்ட விளையாட்டை இலாப நோக்கின்றிப் பேணுவோரைத் தடுப்பதால் யாருக்கு நன்மை? ஆகவே, விளையாட்டை மூடும்போதே அத்தகையோருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்பதே என் கருத்து.